எத்தனை நாள் என்று கேட்காத வீடு

அன்பு மகனுக்கு,

நீ இன்று காலை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருந்தால் அது அடித்து அடித்து ஓய்ந்திருக்கும். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் அப்பாவும் ஹீத்ரோவில் இருக்கிறோம். போகவேண்டாம் என்று நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே விழுந்தது. "அம்மா, உந்த முழங்காலோடை அங்கை போய் மணித்தியாலக் கணக்கா நிக்க ஏலாது. பெரியம்மான்ரை பேரை எழுதின மட்டையோடை டாக்சிக்காரர் நிப்பார். அவவை நேரை ஹோட்டலிலை கொண்டுபோய் விடுவார். நீங்கள் பின்னேரம் போய்ப் பாருங்கோ" என்றாய். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை செய்த முழங்கால் என்னுடையது. வருகிறவள் என் அக்கா. நிற்கலாமா கூடாதா என்பதை நான்தான் சொல்லவேண்டும், சொல்லியாயிற்று. உன் டாக்சிக்காரருக்கும் நேற்றே போன் செய்து வரவேண்டாம் என்றுவிட்டேன். பாவம், நல்ல மனிதர், திருமண வாழ்த்துச் சொன்னார்.

இந்தக் கடிதத்தை உன் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வெளிநாடுகளில் இருந்து வருகிறவர்களுக்கென்று நீ அழகாக அச்சடித்த 'லண்டன் பயணக் குறிப்புகள்' வீட்டில் ஒரு கட்டு மிஞ்சிக் கிடந்தது. வாயால் சொன்னால் நீ "அம்மா, ப்ளீஸ்" என்று கண்ணை மூடிக்கொள்வாய். எழுதினால் கடைசிவரை வாசிப்பாய், அது உன்னிடம் உள்ள நல்ல பழக்கம். எழுதி முடித்ததும் அப்பா எங்கள் தெருமுனைக் கடையிலிருந்து உன் அலுவலகத்துக்கு ஃபாக்ஸ் பண்ணுவார். உன்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்தாலும் எனக்கு வெட்கமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் குறிப்புகளில் ஒரு பிழையும் இல்லை. பிக்கடில்லி லைனில் ஏறி, கிரீன் பார்க்கில் இறங்கி, ஜூபிலி லைனுக்கு மாறி, வெம்பிளி பார்க்கில் இறங்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் கிரீன் பார்க்கில் ஒரு லைனிலிருந்து மற்ற லைனுக்குப் போகிற அந்தச் சுரங்கப்பாதை எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. கருங்கல் மாதிரிக் கனக்கும் சூட்கேசை இழுத்துக்கொண்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நகரும் படியில் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கச் சொல்லியிருக்கிறாய், நல்லது. டிக்கெட்டை வெளியே வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்ல மறந்துவிட்டாய். நம் ஆட்கள் உள்ளே நுழைந்ததும் வேலை முடிந்தது என்று அதைக் கிழித்துப் போடுவார்கள். குடை கொண்டுவரச் சொல்லியிருக்கிறாய், அதுகூட வேண்டியதில்லை, எங்கள் வீட்டில் வருகிற போகிறவர்கள் மறந்துவிட்டுப் போன குடைகளே ஒரு கடை வைக்கக் காணும். சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய், இரண்டையும் ஒன்றாகத் திறந்து கை கழுவ ஏலாது என்பதையும், கோடையில் படுக்கிற நேரம்வரை வெயில் இருக்கும், அதற்காக இராச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவேண்டாம் என்பதையும் நீ எழுதியிருக்கலாம். பஸ்சை மறிக்கக் கை நீட்டாமல் சும்மா நின்றால் அவன் பாட்டுக்குப் போய்விடுவான் என்பதையும்தான்.

இதெல்லாம் உனக்குத் தெரியாதது அல்ல. எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களை நீதானே கூட்டிக்கொண்டு திரிந்தாய். அப்போது இங்கே எங்கள் ஆட்களின் வீடுகள் எல்லாவற்றிலும் ஓர் ஏர்போர்ட் கோட் இருந்தது. ஊரிலிருந்து வருகிறவர்கள் மெல்லிய சேலையோடும் செருப்போடும் வந்து இறங்குவார்கள் என்பதால், வரவேற்கப் போகிறவர்கள் கையில் ஒரு கோட்டைக் கொண்டுபோவோம். எங்களுடையது ஹரோவில் ஒரு பழைய துணிக்கடையில் வாங்கிய மண்ணிற ஆண்கள் கோட். உன் சித்தப்பா அதைப் போட்டார், உன் மாமி போட்டார், யாரென்றே தெரியாத, ஒரு நண்பரின் நண்பரும் போட்டார். கை நீளம் யாருக்கும் சரிவரவில்லை. ஆனாலும் அந்தக் கோட்டுக்குள் நுழைந்தவர்கள் யாருமே ஹோட்டலுக்குப் போகவில்லை. முன் அறையில் பாய் விரித்து, நீ உன் கட்டிலை விட்டுக்கொடுத்து, குளியலறைக்கு வரிசையில் நின்று, எல்லாரும் அந்தச் சின்ன வீட்டில்தான் இருந்தார்கள். நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறது. அதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. அந்தக் கோட் இப்போது என் மடியில் இருக்கிறது. ஜூலை மாதத்தில் என்னத்துக்கு என்று அப்பா கேட்டார்.

உன் காகிதத்தில் என்னைக் கொதிக்கவைத்தது ரயில் அல்ல, ஹோட்டல்கூட அல்ல. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: 'தாங்கள் வந்து சேரும் நாளையும் திரும்பிப் புறப்படும் நாளையும் முன்கூட்டியே அறியத்தரவும்.' மண்டபக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது, அதனால் கேட்டிருக்கிறாய், உன்மேல் கெட்ட எண்ணம் இல்லை. நிரோஷாவையும் இதற்குள் இழுக்கமாட்டேன், என் வருங்கால மருமகள் தங்கமான பிள்ளை. ஆனால் அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கேள்வியை என் அக்காவிடம் ஏற்கெனவே ஒருவர் கேட்டிருக்கிறார். இதே ஹீத்ரோவில், நான் இப்போது இருக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பயணிகள் வெளியே வருகிற அந்தக் கதவுக்கு உள்ளே. நீ அப்போது சின்ன வகுப்பில் இருந்தாய். பெரியம்மாவுக்கு விசா சரிவரவில்லை என்று மட்டும் உன்னிடம் சொன்னோம். அது முழு உண்மை அல்ல.

வெம்பிளி வீட்டை வாங்கியிருந்தோம். புது வீட்டுக் குடிபூரலுக்கு அக்கா வந்துதான் பால் காய்ச்சவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். கொழும்பில் விசா எடுத்து, திரும்பிப் போகும் டிக்கெட்டும் எடுத்து, ஒழுங்காகத்தான் வந்தாள். ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள், யாருடைய உதவியும் இல்லாமல் குடிவரவு அதிகாரிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். அவர் கேட்டாராம், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று. அக்கா சிரித்துக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், "அதை என் தங்கைதான் சொல்லவேண்டும்" என்றாளாம். நம் ஆட்களுக்கு இது விளங்கும். ஒரு வீட்டுக்கு விருந்தாகப் போகிறவர் வாசலில் நின்றுகொண்டு இன்ன நாள் போய்விடுவேன் என்று சொன்னால், அந்த வீட்டைச் சத்திரம் ஆக்கினதாக அர்த்தம். போகிற நாளை வீட்டுக்காரர் பேசி, மறித்து, இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் என்று கெஞ்சி, பிறகுதான் முடிவாகும். அவள் டிக்கெட்டில் ஒரு நாள் போட்டிருந்தது, ஆனால் அதைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல், பருத்தித்துறை வடை. சில கிழமைகள் நிற்க வந்தவர் ஒரு வருசத்துக்குச் சாப்பாடு கொண்டுவருவாரா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதெல்லாம் எங்களுக்குக் கொண்டுவந்தது என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை.

நான் வெளியே கோட்டோடு நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் வந்து முடிந்துவிட்டார்கள், அடுத்த விமானத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். பிறகு ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தகவல் மேசையில் ஒரு தொலைபேசியைத் தந்தார்கள். மறுபக்கத்தில் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் கதைத்தார். "உங்கள் அக்காவுக்குத் தான் எத்தனை நாள் தங்கப்போகிறார் என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நீ நன்றாக யோசித்துப் பார், மகன். அக்கா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஓர் எண்ணம். அவள் காதுபட, நீ இன்ன நாள் என் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? நான் சொன்னேன், "அவவுக்கு விருப்பமான அளவு நாள்." அவள் என்னிடம் விட்டாள், நான் அவளிடம் விட்டேன். இடையில் நின்ற மனிதருக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றுகிறோம் என்று தோன்றிவிட்டது. அடுத்த விமானத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. அப்பா என்னைக் காருக்குள் ஏற்ற அந்தக் கோட்டைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. பாலை முன் அறையில் நானே காய்ச்சினேன். அது பொங்கினபோது நீ கை தட்டினாய், நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

பிள்ளைகளுக்கு எழுதுகிற பெற்றோர் இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தவறை ஒப்புக்கொள்வார்கள். நீயும் அதைத்தான் எதிர்பார்ப்பாய். நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. நான் சொன்னது சரியான பதில். அக்கா சொன்னதும் சரியான பதில். கேள்விதான் எங்களுக்கு உரியதல்ல. அவர் தன் நாட்டின் வாசலைக் காக்கிறார், கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்குப் பகை இல்லை. அதனால் இந்த முறை உன் குறிப்புகளில் இல்லாத ஒரு குறிப்பை நான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தேன். "அக்கா, எத்தினை நாள் எண்டு கேட்டா, மூண்டு கிழமை எண்டு சொல்லு. திரும்பிப் போற டிக்கெட்டைக் கேக்க முதலே எடுத்துக் காட்டு. தின்னுற சாமான் ஒண்டும் கொண்டுவராதை" என்றேன். "அதை நான் சொல்லக்கூடாதெடி பிள்ளை, நீயல்லோ சொல்ல வேணும்" என்றாள். "நான் சொல்லுறன், மூண்டு கிழமை எண்டு அவருக்குச் சொல்லு. வீட்டுக்கு வந்தாப் பிறகு பாப்பம்" என்றேன். சண்டை, இடப்பெயர்வு, கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறை என்று எத்தனையோ பார்த்துவிட்டவள், எழுபதைத் தாண்டியவள், அவளைச் சின்னப் பிள்ளை மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தேன்.

அப்பா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருக்கிறார். "பெடியன் சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்கிறார். பிறகு தானே எழுந்து போய்த் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் போட்டு வெகு நேரமாகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலூனோடு நிற்கிறார்கள், பஞ்சாபிக் குடும்பம் ஒன்று மாலையோடு நிற்கிறது. ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் என் பெயரோ என்று பேனாவை நிறுத்திக் காது கொடுக்கிறேன். எவ்வளவு வீறாப்பாக எழுதினாலும் பயம் பயம்தான். இதோடு நிறுத்துகிறேன்.

மகன், இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன். பெரியம்மா வந்துவிட்டாள். கதவு திறந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு மெலிந்துவிட்டாள். அவள்தான் என்னை முதலில் கண்டு, வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் கோட்டைப் போர்த்திவிட்டேன். அந்த வெயிலில் அதை அவள் கழற்றவில்லை. காரில் ஏறியதும், "கேட்டவன்" என்றாள். "மூண்டு கிழமை எண்டன். டிக்கெட்டைக் காட்டினன். சிரிச்சுப்போட்டு முத்திரையைக் குத்திவிட்டவன்." அவ்வளவுதான். இத்தனை வருசம் நான் சுமந்தது ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. அப்பாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார், எம் நால் நெடுஞ்சாலையில் திரும்பவேண்டிய ஒரு வளைவை விட்டுவிட்டார்.

இனி நடந்ததைக் கேள். வீட்டுக்குள் வந்து கால் முகம் கழுவினாள், தேத்தண்ணி குடித்தாள். பெட்டியை மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். அக்கா எழுந்து போய்ப் பெட்டியின் பிடியில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். நீ தபாலில் அனுப்பிய அதே குறிப்புகள்தான். சின்ன எழுத்து இப்போது அவளுக்குத் தெரிவதில்லை, வெள்ளவத்தையில் அவளுடைய மகள் வாசித்துக் கொடுத்திருக்கிறாள். "இல்லைப் பிள்ளை, இதிலை தம்பி ஹோட்டலெண்டு போட்டிருக்கிறான். ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது. ஹோட்டல் உங்கினை கிட்டத்தானே? இருட்ட முதல் என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. மூண்டு கிழமைதானே, ஓடிப்போயிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நன்றாகப் படித்துவைத்த பாடத்தைச் சொன்னாள். அதிகாரிக்குச் சொல்லச் சொல்லி நான் பழக்கிய பதிலை எனக்கே சொன்னாள், என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு. அன்றைக்கு அவர்கள் அவளை உள்ளே விடாதபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை.

நான் சொல்லிப் பார்த்தேன், அப்பா சொல்லிப் பார்த்தார். கேட்கிறாளில்லை. "கலியாண வீடு தம்பியின்ரை. அவன்ரை சொல்லுத்தான்" என்கிறாள். உன் பெயரைச் சொல்லும்போது அவ்வளவு பெருமை, நீ எழுதியதை மீற அவளுக்கு மனமில்லை. உன் சொல்லை மீறிக் காலையில் ஹீத்ரோவுக்கு ஓடின என்னால், உன் சொல்லை மதிக்கிற அவளை அசைக்க முடியவில்லை. ஆகவே இது உன் பொறுப்பு. அப்பா இதை இப்போதே கடைக்குக் கொண்டுபோகிறார். வேலை முடிந்ததும் உன் ஃபிளாட்டுக்குப் போகாதே, நேராக இங்கே வா. ஹோட்டல் அறையை ரத்துச் செய்துவிட்டு வா, அவர்கள் முறைத்தால் முறைக்கட்டும். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, நாளைக்கு நீயும் நிரோஷாவும் ஒரு வீடு எடுப்பீர்கள். அங்கே யார் வருவார்கள், எங்கே படுப்பார்கள் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம், நான் மூச்சுக்கூட விடமாட்டேன். ஆனால் இது என் வீடு. இந்த நாட்டில் எல்லா வாசலிலும் எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். கேட்காத ஒரு வாசலாவது இருக்கவேண்டும் என்றுதான் நான் இந்த வீட்டை வாங்க வைத்தேன்.

பெரியம்மா இப்போது முன் அறையில் அந்தக் கோட்டோடு இருக்கிறாள். ஜன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நீ வந்து ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவாய் என்று. பெட்டி கட்டு அவிழ்க்காமல் வாசலிலேயே நிற்கிறது. வந்து அவளிடம் ஒன்றும் விளக்காதே, மன்னிப்புக் கேட்காதே, பயணம் எப்படி என்று மட்டும் கேள். கேட்டுக்கொண்டே அந்தப் பெட்டியைத் தூக்கி மாடியில் உன் பழைய அறையில் கொண்டுபோய் வை. நாளைக் காலையில் அவள்தான் பால் காய்ச்சப்போகிறாள், புதுப் பானை வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா